சாவி கொடுத்தால் பாடும் பெட்டி

சென்ற காலாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான்களை அப்புறப்படுத்த நம் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கால் உடைந்த நாற்காலி, துருப்பிடித்த சைக்கிள், ஓடாத மிக்ஸி என்று வாசல் அருகே ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. அதன் ஓரத்தில் கறுப்பு ரெக்சின் ஒட்டிய ஒரு சிறிய பெட்டி இருந்தது. பழைய டைப்ரைட்டர் என்று பலரும் நினைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெல்வெட் துணி ஒட்டிய சுழல்தட்டு, வளைந்த உலோகக் கை, அதன் நுனியில் சவுண்ட் பாக்ஸ், மூலையில் ஊசி போட்டுவைக்கும் சின்னக் கிண்ணம். கிராமபோன்!

பெட்டி யாருடையது என்று விசாரித்தேன். பி பிளாக் நண்பர் ஒருவருடையது. "அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கியது சார். யாரோ அதிகமா சாவி கொடுத்து ஸ்பிரிங் போயிடுச்சு. ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே புளூடூத் ஸ்பீக்கர் வைத்துத் தருகிறேன் என்றார். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. வீட்டில் வைக்கவும் இடமில்லை" என்றார். அவருடைய அம்மாவுக்கு வயது 84. அவரிடம் கேட்டு ஒரு மாத அவகாசம் வாங்கிக்கொண்டேன். பெட்டி என் வீட்டு பால்கனிக்கு வந்தது.

"அதிகமா சாவி கொடுத்ததால் கெட்டுவிட்டது." ஓடாத கிராமபோன் இருக்கும் வீடுகளில் எல்லாம் இதே வாக்கியத்தைத்தான் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு தூரம் சரி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த மோட்டார் எதற்காகப் பிறந்தது என்ற கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கையால், காலால், பேட்டரியால்

1877-ல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன் செய்த முதல் ஃபோனோகிராஃபில் மோட்டார் எதுவும் கிடையாது. ஓர் உலோக உருளை, அதன் மேல் சுற்றிய தகரத்தாள், சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பதிவு செய்யும்போதும் கையால் சுற்ற வேண்டும், கேட்கும்போதும் கையால் சுற்ற வேண்டும். இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. உருளை வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சென்று ஏறும். மெதுவாகச் சுற்றினால் கனத்து இறங்கும். பேச்சென்றால் எப்படியோ புரிந்துகொள்ளலாம். பாட்டு என்றால் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிற இடத்தில்கூட சுருதி ஊஞ்சல் ஆடும்.

அடுத்த பத்தாண்டுகளில் பலரும் இதற்கு வழி தேடினார்கள். சிசெஸ்டர் பெல், சார்லஸ் டெயின்டர் என்ற இருவர் மெழுகு உருளையில் பதிவு செய்யும் கிராஃபோஃபோனை உருவாக்கினார்கள். அலுவலகங்களில் கடிதம் சொல்லி எழுத வைப்பதற்காக 1880-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த அதன் சில மாதிரிகளை, தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்து ஓட்ட வேண்டும். எடிசன் 1888-ல் தமது மேம்படுத்தப்பட்ட ஃபோனோகிராஃபுக்கு மின்மோட்டார் வைத்தார். மோட்டார் சீராகத்தான் ஓடியது. ஆனால் அன்றைக்கு வீடுகளில் மின்சாரம் ஏது? அமிலம் நிரப்பிய பேட்டரிகளை வைத்துப் பராமரிக்க வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் கூடத்தில் யார் அதை வைத்துக்கொள்வார்கள்?

இதற்கிடையே ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர், உருளைக்குப் பதிலாகத் தட்டையான இசைத்தட்டைக் கொண்டுவந்தார். அதற்கு அவர் காப்புரிமை கேட்டது 1887-ல். அவர் கருவிக்கு வைத்த பெயர்தான் கிராமபோன். 1890-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற பெர்லினர் கிராமபோன்கள் 7 அங்குலத் தட்டுகளைப் போடுபவை. அவற்றையும் கையால்தான் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 சுற்று. கடிகாரத்தைப் பார்த்தபடி கையை ஒரே சீராக இரண்டு நிமிடம் சுற்றிப் பாருங்கள். தோள் வலிக்கும், பாட்டு காதில் ஏறாது.

கேம்டன் நகரத்துப் பட்டறை

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கு எதிரே, டெலவேர் ஆற்றின் மறுகரையில் கேம்டன் என்றொரு ஊர். அங்கே எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பவர் சிறிய எந்திரப் பட்டறை நடத்திவந்தார். 1867-ல் பிறந்தவர். கல்லூரிப் படிப்புக்கு லாயக்கில்லை என்று சொல்லப்பட்டு, பட்டறையில் தொழில் கற்கப் போனவர். 1896-ல் அவரிடம் ஒரு வேலை வந்தது. கையால் சுற்றும் பெர்லினர் கிராமபோனுக்கு ஒரு ஸ்பிரிங் மோட்டார் செய்து தர முடியுமா?

அந்தக் கருவியை முதன்முதலில் கேட்ட அனுபவத்தைப் பிற்காலத்தில் ஜான்சன் சொல்லியிருக்கிறார். அரைகுறையாகப் பேசப் பழகிய ஒரு கிளிக்குத் தொண்டைக்கட்டும் ஜலதோஷமும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்ததாம். ஆனாலும் அது அவரை விடவில்லை.

ஸ்பிரிங்கால் ஓடும் எந்திரம் உலகத்துக்குப் புதிதல்ல. அதற்கு 400 ஆண்டுகள் முன்பிருந்தே கடிகாரங்கள் ஸ்பிரிங்கில் ஓடிக்கொண்டிருந்தன. உருளைக் கருவிகளுக்கும் அந்தச் சமயத்தில் ஸ்பிரிங் மோட்டார் வரத் தொடங்கியிருந்தது. ஆனால் கடிகாரத்தின் தேவை வேறு, இசைத்தட்டின் தேவை வேறு. கடிகாரம் ஒருமுறை கொடுத்த சாவியைச் சொட்டுச் சொட்டாக ஒரு நாளோ எட்டு நாளோ செலவழிக்கும். அதுவும் டிக், டிக் என்று நின்று நின்று போகும். இசைத்தட்டுக்கு அதே சக்தியை இரண்டு மூன்று நிமிடத்தில் கொட்டியாக வேண்டும்; நிற்காமல், குலுங்காமல், சத்தமில்லாமல் கொட்ட வேண்டும். ஊசி தட்டை அழுத்தும் பாரத்தையும் இழுக்க வேண்டும். விலையும் நடுத்தரக் குடும்பம் வாங்கும்படி இருக்க வேண்டும். ஜான்சன் செய்த மோட்டார் இவ்வளவையும் நிறைவேற்றியது.

அந்த மோட்டாரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எப்படி என்கிறீர்களா? குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயின் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஓவியர் ஃபிரான்சிஸ் பராட் முதலில் அந்த நாய்க்கு முன்னால் உருளை ஃபோனோகிராஃபைத்தான் வரைந்திருந்தார். 1899-ல் லண்டன் கிராமபோன் கம்பெனி, அதை மறைத்துத் தங்கள் கருவியை வரைந்து தந்தால் படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. அவரும் அப்படியே செய்தார். படத்தில் இன்று நாம் பார்க்கும் மரப்பெட்டி, ஜான்சனின் ஸ்பிரிங் மோட்டார் வைத்த கிராமபோன். நாயின் பெயர் நிப்பர். அந்தப் படம் வரையப்படும் முன்பே, 1895-ல், அது இறந்துபோயிருந்தது.

பெர்லினர் வழக்குகளில் சிக்கி 1900-ல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது. ஜான்சன் சொந்தமாக இறங்கினார். 1901-ல் விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி கேம்டனில் தொடங்கியது. பட்டறைக்காரரின் அந்தக் கம்பெனி சில ஆண்டுகளிலேயே உலகத்தின் மிகப் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இனி பெட்டிக்குள் போவோம். தையற்காரரின் அங்குல டேப் ஒன்றை எடுத்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். அதை ஒரு சின்ன டப்பாவுக்குள் போட்டு விரலை எடுங்கள். சுருள் தளர்ந்து டப்பாவின் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். கிராமபோன் ஸ்பிரிங் இதேதான். சுமார் ஓர் அங்குல அகலத்தில், மூன்று மீட்டர் அளவுக்கு நீளமான எஃகுப் பட்டை. அதன் உள்முனை நடு அச்சில் மாட்டியிருக்கும். வெளிமுனை டிரம் என்கிற வட்ட டப்பாவின் சுவரில் மாட்டியிருக்கும். சாவி கொடுக்கும்போது சுற்றுகள் எல்லாம் நடு அச்சை நோக்கி நெருங்கும். ஓடும்போது ஒவ்வொன்றாக விலகிச் சுவரை நோக்கிப் போகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நெருங்கும்போதும் விலகும்போதும் ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றின் மேல் உராய்ந்து நழுவியாக வேண்டும். அது நழுவுவதற்காகத்தான் டிரம்முக்குள் கிரீஸ் வைத்தார்கள். சாதாரணக் கிரீஸ் அல்ல. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் என்ற கரியைப் பொடியாக்கி, வாஸலின் போன்ற பசையில் குழைத்தது. பசை வற்றினாலும் கிராஃபைட் தூள் எஃகின் மேல் படிந்து நின்று வழுக்கலைக் கொடுக்கும். நம் ஊர் வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்து, அச்சுக்குப் போடுவார்களே, ஏறக்குறைய அதே யோசனைதான்.

டிரம் சுற்றுவது மெதுவாக. அங்கிருந்து பல்சக்கரங்கள் வழியாக வேகம் கூடிச் சுழல்தட்டின் தண்டுக்கு வரும். அந்தத் தண்டிலிருந்து திருகு போன்ற பல் வழியாக இன்னொரு சின்ன அச்சுக்குப் போகும். அதுதான் கவர்னர். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் வைத்த கவர்னரின் ஒன்றுவிட்ட பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மூன்று சின்ன உலோகக் குண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய வில்தகட்டின் நடுவில். சுழல்தட்டைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றும்போது, திருவிழாக் குடை ராட்டினத்தின் ஆசனங்கள் போலக் குண்டுகள் வெளியே விரியும். விரிந்தால் அச்சிலுள்ள ஒரு வட்டத் தகடு நகர்ந்து, ஒரு தோல் அல்லது கம்பளித் துண்டில் உரசும். உரசினால் வேகம் குறையும். குறைந்தால் குண்டுகள் சுருங்கி உரசல் விடும். விநாடிக்கு விநாடி இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

முழுச் சாவி கொடுத்த ஸ்பிரிங் பலமாக இழுக்கும். இறங்க இறங்க இழுவை குறையும். ஆனாலும் தட்டு ஒரே வேகத்தில் சுற்றுவதற்குக் காரணம் கவர்னர்தான். அது கவுன்ட்டரில் இருக்கும் காசாளர் மாதிரி. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அளவாகத்தான் எண்ணித் தருவார். ஆனால் கணக்கில் இல்லாத பணத்தை அவரால் உண்டாக்க முடியாது. ஸ்பிரிங்கின் சக்தி தேவைக்குக் கீழே இறங்கிவிட்டால் கவர்னர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பாடகர் குரல் இழுத்து இழுத்து அடங்கும்.

மின்சாரம் வராத ஊர்களில்

கிராமபோன் நம் நாட்டுக்கு வேரூன்ற வந்த ஆண்டு 1902. லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், அங்கே தட்டுகளாக அச்சாகித் திரும்பி வந்தன. 1908 முதல் கல்கத்தாவிலேயே தட்டுகள் தயாராயின. தமிழ்நாட்டில் நாடக மேடைப் பாட்டும் கர்நாடக சங்கீதமும் தட்டுகளில் ஊர் ஊராகப் போயின. 1930-களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர்தான் பிற்பாடு ஏவி.எம். ஸ்டுடியோவை நிறுவிய மெய்யப்பச் செட்டியார்.

மேல்நாடுகளில் வீட்டுக்கு வீடு மின்சாரம் வந்ததும் மின்மோட்டார் வந்துவிட்டது. ஸ்பிரிங் மோட்டார், எடுத்துப் போகும் சின்னப் பெட்டிகளுக்குள் ஒதுங்கியது. நம் கதை வேறு. பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல். மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-ல். ஆனால் கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பி போய்ச் சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் பாட்டுக் கேட்க ஒரே வழி, கைப்பிடியைச் செருகிச் சாவி கொடுப்பது. என் சின்ன வயதில் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மைக் செட்காரர் ஒரு கையால் சாவி கொடுத்துக்கொண்டே மறு கையால் அடுத்த தட்டைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் 1960 வாக்கில் 78 சுற்றுத் தட்டுகளின் காலம் முடிந்துவிட்டது. இந்தியாவில் 1960-களின் நடுவிலும் அவை அச்சாயின. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டுகளாக வந்தன. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

அந்தக் காலத்தில் கிராமபோன் வைத்திருந்தவர்களுக்கு அதற்கு எண்ணெய் விடவும் தெரிந்திருந்தது. பெட்டியோடு வந்த குறிப்புத்தாளிலேயே எங்கெங்கே விட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய பெட்டி, பழைய தட்டு, கழற்றிய உதிரிகள் எல்லாம் கிடைக்கும். 1985-ல் அந்தக் கட்டடம் தீக்கிரையானது. அதற்குள் டேப் ரெக்கார்டர் வந்து, பெட்டிகள் பரணுக்குப் போயிருந்தன. பரணுக்குப் போனது பெட்டி மட்டும் என்று நினைத்தோம். எண்ணெய் விடும் பழக்கமும் கூடவே போய்விட்டது.

பிரித்துப் பார்த்தபோது

இப்போது பி பிளாக் பெட்டிக்கு வருவோம். கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். சில சுற்றுகளுக்குப் பிறகு கெட்டியாக நின்றது. இது நல்ல அறிகுறி. ஸ்பிரிங் உடைந்திருந்தால் பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகும். தடையை விட்டதும் தட்டு தயங்கித் தயங்கி நகர்ந்தது. திடீரென உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம், தட்டு ஒரு துள்ளு துள்ளியது, மறுபடி தயக்கம். கிரீஸ் காய்ந்து பிசினாகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு கொத்தாகப் பிய்த்துக்கொண்டு விடுபடும் சத்தம் அது.

முதல் வேலை, ஸ்பிரிங்கை முழுவதும் இறங்க விடுவது. இதை மறந்து எந்தத் திருகையும் தொடாதீர்கள். சாவி ஏறிய நிலையில் மோட்டாரைப் பிரித்தால் அவ்வளவு சக்தியும் ஒரே நொடியில் வெளியே வரும். பல் உடையும், விரலும் போகும். எங்கள் பெட்டி தானாக இறங்க மறுத்ததால், நண்பர் அவ்வப்போது வந்து தட்டைக் கையால் மெல்லத் தள்ளிவிட, இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு சுழல்தட்டைத் தூக்கி, பலகையின் திருகுகளைக் கழற்றி, மோட்டாரோடு கவிழ்த்தோம். ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். பித்தளைத் துளைகளிலும் பற்களிலும் மஞ்சள் பிசின் படிந்திருந்தது. யாரோ ஒரு காலத்தில் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். சமையலறை எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் கெட்டியாகிவிடும். பெயிண்ட் கடை டர்பன்டைனும் பழைய டூத் பிரஷும் கொண்டு அத்தனையையும் கழுவினோம். துளைகளுக்குள் பல்குத்தும் குச்சியைச் சுழற்றி அழுக்கை எடுத்தோம். கவர்னரின் வில்தகடுகள் மிக மெல்லியவை. அவற்றை வளைக்காமல், பிரிக்காமல், தூரிகையால் மட்டும் தொட்டோம்.

டிரம்மை நான் திறக்கவில்லை. நீங்களும் வீட்டில் திறக்க வேண்டாம். சாவி இறங்கிய பிறகும் அந்தப் பட்டை டப்பாவுக்குள் அடைந்துதான் கிடக்கிறது. வெளியே வந்தால் சாட்டை போல வீசும். சுவர்க்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். கையில் தடித்த தோலுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டிரம்மை ஒரு சாக்குப் பைக்குள் வைத்து, நடுவிலிருந்து ஒவ்வொரு சுற்றாக இழுத்து வெளியே விட்டார். தார் பூசியது போல் கறுத்த பட்டை. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஸ்பிரிங் போகலை சார். ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

அதிகச் சாவி என்ற பழியின் கதை இதுதான். சுற்ற முடிந்த வரை சுற்றினால் ஸ்பிரிங் முழுச் சாவியில் நிற்கிறது. அதனால் மட்டும் அது ஓடாமல் போகாது. ஓடாமல் வைத்தது காய்ந்த கிரீஸ். கடைசியாகச் சாவி கொடுத்தவர் கையில் இருந்தபோது நின்றதால் பழி அவர் மேல் விழுந்தது. ஆனால், நின்ற பிறகும் முரட்டுத்தனமாகத் திருகினால் பட்டை முறியலாம் என்பது உண்மை. அதனால் கை தடுத்தால் நிறுத்திவிடுங்கள்.

பெரியவர் பட்டையின் இரு முனைகளிலும் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். முறிவது பெரும்பாலும் முனையில்தான். வெடிப்பு இல்லை. கிராஃபைட் கிரீஸை அளவாகத் தடவி, சுற்றுச் சுற்றாகத் திரும்ப உள்ளே செலுத்தினார். அளவாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிகம் வைத்தால் வெளியே வழிந்து பல்சக்கரமெல்லாம் அப்பும்.

மீதி வேலை எளிது. தண்டுகள் சுழலும் துளைகளுக்கும் கவர்னரின் இரு முனைகளுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. திருகுப் பல்லுக்குக் கொஞ்சம் மெல்லிய கிரீஸ். கவர்னர் உரசும் கம்பளித் துண்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். உலர்ந்திருந்தால் அது கீச்சிடும், வேகமும் நடுங்கும். துரு நீக்கும் ஸ்பிரேயை மோட்டாரில் அடிக்காதீர்கள். அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும்.

உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருந்தால், மூன்றே மூன்று வழக்கங்கள் போதும். தட்டு போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சாவி கொடுங்கள்; ஆட்டம் முடிந்து எடுத்து வைக்கும்போது சாவியை இறக்கி வையுங்கள். எஃகு ஊசியை ஒரு பக்கம் வாசித்ததும் மாற்றுங்கள். தேய்ந்த ஊசி தட்டை அரம்போல் அறுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் விடுங்கள்.

எழுபத்தெட்டு

எல்லாம் பூட்டிய பிறகு வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். இசைத்தட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நம்மைக் கடக்கிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினால் போதும். எண்ண வேண்டியது 78. இந்த எண் எங்கிருந்து வந்தது? ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் 70-க்கும் 80-க்கும் இடையே ஏதோ ஒரு வேகத்தில் பதிவு செய்துகொண்டிருந்தது. அதனால்தான் பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் வைத்தார்கள். 1925 வாக்கில் 78 நிலைபெற்றது. அமெரிக்காவில் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும் மின்மோட்டாரைப் பல்சக்கரத்தால் 46-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 78.26 வரும். நீங்களே வகுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் ஓடிய பெட்டிகளுக்கும், கடைசியில் வேகத்தை நிர்ணயித்தது மின்மோட்டார்தான்.

இந்தக் கணக்கு வெறும் சம்பிரதாயம் அல்ல. 78-ல் ஓட வேண்டிய தட்டு 73.6-ல் ஓடினால் சுருதி சரியாக அரைக் கட்டை இறங்கும். மூன்று நிமிடப் பாட்டு பதினொரு விநாடி நீளும். குமிழைத் திருப்பி, எண்ணி, மறுபடி திருப்பி, நானும் நண்பரும் பெட்டியைச் சரியாக 78-ல் நிறுத்தினோம்.

அந்த ஞாயிறு மாலை பெட்டியை பி பிளாக்குக்குக் கொண்டுபோனோம். நண்பரின் அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் கணவர் வாங்கி வைத்திருந்த பழைய திரைப்பாட்டுத் தட்டு ஒன்றையே எடுத்து, புது ஊசி மாட்டி, சாவி கொடுத்துப் போட்டோம். டொக்கும் இல்லை, துள்ளலும் இல்லை. பாட்டு கணீரென்று வந்தது. நண்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "என்னப்பா, பாட்டு இப்படி ஓடறது? பெண்குரல் வேற யாரோ மாதிரி இருக்கு. அவர் வைக்கும்போது நிதானமா இருக்குமே."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பெட்டி வீட்டில் ஓடிய கடைசி ஆண்டுகளில் எண்ணெய் வற்றி, வேகம் குறைந்து ஓடியிருக்கிறது. அவர்கள் இருவரும் பல வருடம் கேட்டது அந்த இறங்கிய சுருதியைத்தான். 78-தான் சரியான வேகம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லாமல் குனிந்து, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். 76. 75. 74-க்கு வந்ததும் அவர் கையைத் தூக்கி, "இதுதான்" என்றார். பாட்டு முடியும் வரை யாரும் பேசவில்லை.

குமிழ் இன்றும் 74-லேயே இருக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் நண்பரிடம் சொல்லிவிட்டு ஞாயிறு மாலையில் போகலாம். அம்மாவே சாவி கொடுப்பார். அடுத்து எண்ணெய் விட வேண்டிய தேதியை நம் சங்க அலுவலகத்தின் பராமரிப்பு நாட்காட்டியில், தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். செயலாளர் தயவுசெய்து அதை அழித்துவிட வேண்டாம்.